முத்திரை இல்லாத பலாக்காய்

(மாத்தளையில் தொழிற்சங்க மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் பறிக்கும் கொழுந்து தேயிலைத்தூளாகிக் கப்பல் ஏறுகிறது. வெளிநாட்டுக் கடைகளில் சிலர் பெட்டியில் பச்சைத் தவளைப் படம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை. காட்டையும் மண்ணையும் காத்து, தொழிலாளரையும் கவனித்து விளைந்தது என்று அவர்களுக்குச் சொல்லும் அடையாளம்.

நம் கடைச் சாமானில் தவளை கிடையாது. நாமேதான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இது நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். மழை தவறினால் கொழுந்து இல்லை. கொழுந்து இல்லாவிட்டால் வேலை நாளும் இல்லை.

கப்பலில் வந்தது எல்லாம் கெட்டது, ஊரில் விளைந்தது எல்லாம் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது சரியான கணக்கு அல்ல. மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்து வந்தாலும், மாட்டிறைச்சியைவிடப் பூமிக்குப் பல மடங்கு பாரம் குறைவு. மாடு அசைபோடும்போது வெளிவிடும் மீதேன் வாயு அவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கிறது. பருப்பு, பயறு, கௌப்பிச் செடிகளோ காற்றிலுள்ள நைதரசனை வேரில் பிடித்துக்கொள்கின்றன. யூரியா அதிகம் கேட்பதில்லை. தம்புள்ளை, கலேவெலப் பக்கத்துப் பயறு கிடைத்தால் இன்னும் நல்லது. லயத்தில் இறைச்சி எத்தனை நாள் வேகிறது? பூமியைச் சூடாக்கியவர்கள் என்று எவரும் நம்மைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

இனி நம் பலாவைப் பாருங்கள். உரம் கேட்காது, தண்ணீர் பாய்ச்சச் சொல்லாது. பாணந்துறை ஆதர் வி. டயஸ் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலாக்கன்று நடச் சொல்லி இயக்கமே நடத்தினார். சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா' என்றே அழைத்தார்கள். 2022இல் கோதுமை மா விலை ஏறியபோது பல வீடுகளில் அடுப்பேறியது பலாக்காய்தான். விலை கொஞ்சம் இறங்கியதும் மறந்துவிட்டோம். காய்க்கும் காலத்தில் எத்தனை காய் விழுந்து அழுகுகிறது!

ரொட்டியை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விடிய எழும்பி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு மலைக்கு ஓடுகிறவளுக்குப் பால் வழியும் காயை அரிய நேரம் ஏது? கையில் எண்ணெய் தடவி அதை வெட்டுகிற வேலையை ஆண்கள் ஏற்றுக்கொள்ளட்டும். சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

மிச்சம் காணிப் பிரச்சினை. லயத்து ஓரத்தில் கௌப்பி போட, பலாக்கன்று வைக்க நிலம் வேண்டும். பலா காய்க்கச் சில வருஷம் ஆகும். அதற்குள் நிலத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். இதை அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கும்படி பிரேரிக்கிறேன். ஆமோதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.