கடனோ, கொடையோ?
(ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் நாடாளுமன்றங்களின் இறைமையும் பற்றிய உரை)

ஒருவன் தன் வீட்டுத் திறவுகோலை அண்டை வீட்டானிடம் நம்பிக் கொடுக்கின்றான். கொடுத்தது தவறன்று. ஆனால், ‘இத்திறவுகோல் எவனுக்கு உரியது?’ என்னும் வினா பின்னொரு நாள் எழுமாயின், அதற்கு முடிவுரைக்க வேண்டியவன் யார்? கொடுத்தவனா, வாங்கியவனா? ஐரோப்பிய நாடுகள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமக்குள் வழக்காடி வருவது இவ்வொரு வினாவைப் பற்றியே.

1957-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள், பிரான்சு, மேலைச் செருமனி, இத்தாலி, பெல்சியம், நெதர்லாந்து, இலக்சம்பர்க்கு ஆகிய ஆறு நாடுகள் உரோமை நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இரு பெரும் போர்களால் பாழ்பட்ட நிலத்தில், வணிகத்தால் ஒன்றுபட்டு இனியொரு போரைத் தவிர்ப்பதே நோக்கம். நல்ல நோக்கமே! ஆயின், அவ்வுடன்படிக்கையை முதலிலிருந்து முடிவுவரை புரட்டிப் பாருங்கள். கூட்டமைப்பின் சட்டம் உறுப்பு நாட்டின் சட்டத்தை வெல்லும் என்றொரு பொதுவிதி அதில் எங்கும் இல்லை.

அவ்விதி பின் எங்கிருந்து வந்தது? ஒரு மின்கட்டணச் சீட்டிலிருந்து வந்தது! இத்தாலி 1962-இல் மின்தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. மிலான் நகரத்து வழக்கறிஞர் ஒருவர், அச்சட்டம் உரோமை உடன்படிக்கைக்கு மாறானது என்று கூறி, 1,925 இலிரா கட்டணத்தைக் கட்ட மறுத்தார். மிகச் சிறிய தொகைதான். ஆனால் வழக்கோ மிகப் பெரிதாக வளர்ந்தது. நாடாளுமன்றம் பின்னர் இயற்றிய சட்டமே செல்லும் என்றது இத்தாலிய அரசியற்சட்ட முறைமன்றம். இலக்சம்பர்க்கில் அமர்ந்த ஐரோப்பிய முறைமன்றமோ, 1964 சூலை 15-ஆம் நாள், அதற்கு நேர்மாறாகத் தீர்ப்புரைத்தது. உறுப்பு நாடுகள் தம் இறைமைக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டன. ஆகவே பின்வரும் எந்த உள்நாட்டுச் சட்டமும் கூட்டமைப்பின் சட்டத்தைத் தள்ளிவிட இயலாது என்பதே அதன் சாரம். இதுவே பேர்பெற்ற கோசுத்தா வழக்கு.

அத்தீர்ப்பில் முறையே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. ஆறு நாடுகளும் கூடிச் செய்த விதியை, வலிய நாடு தனக்கு வேண்டாதபோது தள்ளிவிடலாம் என்றால், மெலிய நாட்டுக்கு அவ்வுடன்படிக்கையால் என்ன பயன்? பொதுவிதி எல்லார்க்கும் பொதுவாகத்தான் இருத்தல் வேண்டும். குறை வேறிடத்தில் உள்ளது. அதனை வகுத்தது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமன்று. 2004-இல் வரைந்த ஐரோப்பிய அரசியற் சட்டத்தில் அவ்விதியை வெளிப்படையாக எழுதினர். பிரெஞ்சு மக்களும் நெதர்லாந்து மக்களும் பல கரணியங்களால் 2005-இல் அவ்வரைவை மறுத்தனர். 2007-இல் இலிசுபன் உடன்படிக்கை வந்தபோது, அவ்விதி இணைப்பாகச் சேர்த்த 17-ஆம் அறிவிப்பில் இடம்பெற்றது. தலைவாயிலில் மறிக்கப்பட்டது, புழைக்கடை வழியே உள்ளே வந்துவிட்டது.

இதனை எதிர்கொண்டதில் மூன்று நாடுகள் மூன்று வழிகளில் சென்றன.

பிரித்தானியா 1973-இல் சேர்ந்தது. தன் நாடாளுமன்றத்துக்கு மேல் எவ்வாற்றலும் இல்லை என்பது அந்நாட்டின் நெடுங்காலக் கோட்பாடு. இசுப்பானியர்க்கு உரிமையான மீன்பிடி கலங்களைக் கட்டுப்படுத்த 1988-இல் அந்நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை, ஐரோப்பிய முறைமன்றத் தீர்ப்பின்படி 1990-இல் அந்நாட்டு நடுவர்களே நிறுத்திவைக்க நேர்ந்தது. 2016 பொதுவாக்கெடுப்பில் நூற்றுக்கு 51.9 பேர் விலகலை ஏற்றனர். 2020 சனவரி 31-ஆம் நாள் அந்நாடு வெளியேறியது. திறவுகோலை மீட்க, வீட்டையே பெயர்த்துக்கொண்டு போகும் வழி இது.

செருமானிய அரசியற்சட்ட முறைமன்றம் வேறு வழி கண்டது. உடன்படிக்கைகளுக்கு உரியவர்கள் உறுப்பு நாடுகளே என்றும், நாடாளுமன்றத்தின் பங்கைச் சட்டத்தால் வலுப்படுத்திய பின்னரே இலிசுபன் உடன்படிக்கைக்கு இறுதி ஒப்புதல் தரலாம் என்றும் 2009 சூன் 30-இல் அது தீர்ப்புரைத்தது. கொடுத்தது கடனேயன்றிக் கொடையன்று என்பதே அதன் கருத்து.

தென்மார்க்கின் வழி எளியது. ஒன்றியத்தில் முதன்மையான ஒன்றைப் பேசப்போகும் அமைச்சர், முதலில் தம் நாடாளுமன்றத்தின் ஐரோப்பியக் குழுவிடம் வந்து, தாம் எடுக்கப்போகும் நிலையைக் கூறி இசைவு பெறுதல் வேண்டும். குழுவில் பெரும்பான்மையர் எதிர்த்தால் அந்நிலையை அவர் கைவிட வேண்டும்.

இலிசுபன் உடன்படிக்கை எல்லா நாடாளுமன்றங்களுக்கும் ஒரு வாயிலைத் திறந்தது. ஒன்றியச் சட்டவரைவு வந்த எட்டுக் கிழமைக்குள் மூன்றில் ஒரு பங்கு வாக்குகள் அதனை எதிர்த்தால், ஆணையம் அதனை மீண்டும் ஆராய வேண்டும். 2012, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெல்லை எட்டப்பட்டது. வரைவு திரும்பப் பெறப்பட்டதோ ஒரே ஒரு முறை. தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையைத் தொட்ட 2012-ஆம் ஆண்டு வரைவே அது.

மேலாண்மைக்கும் எல்லை உண்டு என்பதற்கு இன்னுமொரு சான்று: ஒரு நாட்டின் மொழியில் முறைப்படி வெளியிடப்படாத ஒன்றியச் சட்டம் அந்நாட்டுக் குடிமக்களைக் கட்டுப்படுத்தாது என்று, செக்கு நாட்டு வழக்கொன்றில், 2007-இல் ஐரோப்பிய முறைமன்றமே தீர்ப்பளித்தது. தம் மொழியில் படிக்கக் கிடைக்காத சட்டத்துக்கு மக்கள் எவ்வாறு கட்டுப்படுவர்?

எச்சரிக்கை ஒன்றும் இங்கு வேண்டும். இறைமை என்று முழங்குவோரெல்லாம் மக்களுக்காக முழங்குவதில்லை. நடுவர்களை ஆளுங்கட்சி தன் பிடிக்குள் கொணர முயன்றதாகப் பூசல் எழுந்த போலந்தில், 2021-இல் அந்நாட்டு அரசியற்சட்ட மன்றம் ஒன்றியச் சட்டத்தின் மேலாண்மையை மறுத்தது. அங்கே இறைமை என்னும் சொல் ஆள்வோர்க்குக் காப்பாயிற்று. இறைமை ஆள்வோர் உடைமையன்று, மக்கள் உடைமை.

ஆகவே, அன்பர்களே, திறவுகோலைக் கொடுத்துவிட்டு உறங்கியவர்கள், விழித்தபின் அழுது பயனில்லை. எதனைக் கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், எந்நாள்வரை கொடுத்தோம் என்று நாள்தோறும் கணக்குப் பார்ப்பதே நாடாளுமன்றத்தின் கடமை. கணக்குப் பார்க்கும்வரை அது கடன்; பார்க்க மறந்த அன்றே அது கொடையாகிவிடும்.