விளக்கு எரியும் முன்னே

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1999 ஏப்ரல் 26. சேலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் ஒன்று நின்றுபோச்சு. திரும்பப் போட்டால் திரை கறுப்பு. ஹார்ட் டிஸ்க்கை மாற்றியும் பயனில்லை. அன்றைக்கு உலகெங்கும் சி.ஐ.ஹெச். வைரஸ் தாக்கிய நாள். விண்டோஸுக்கு முன்னால் ஓடி மெஷினை எழுப்புகிற பயாஸ் நிரலையே அது அழித்துவிட்டது. போர்டைத் தூக்கிப் போட்டோம். அந்தச் சிப்பில் என்ன எழுதியிருந்தது என்று, இன்ஜினியரிங் படித்த எனக்குத் தெரியாது. அந்த வெட்கம் இன்னும் இருக்கு.

அதே 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிக் என்பவர், பயாஸுக்குப் பதிலாக லினக்ஸ்பயாஸைத் தொடங்கினார். யாரும் படிக்கலாம், திருத்தலாம். 2008-இல் அதன் பெயர் கோர்பூட் என்றானது.

நம்ம நாமக்கல் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து வருவது சேஸிஸ். லோடுக்குத் தக்கபடி பாடி கட்டுவது நம்ம பட்டறை. கோர்பூட்டும் மெமரியையும் சிப்செட்டையும் தயார் செய்து ஒதுங்கிக்கொள்ளும். மேலே சீபயாஸா, கிரப்பா, லினக்ஸ் கெர்னலேயா என்பது நம்ம இஷ்டம்.

எங்கேயோ நடக்கிற சங்கதி இல்லீங்க. 2023 அக்டோபர் 2-இல் ஹெச்.பி.யும் கூகுளும் சென்னை அருகே ஃப்ளெக்ஸ் ஆலையில் க்ரோம்புக் தயாரிக்கத் தொடங்கின. அதை எழுப்புவது கோர்பூட்தான். நம்ம ஊர்க் கைகள் பூட்டுகிற மெஷின். அதன் முதல் நிரலை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

முழுக்கத் திறந்த புத்தகம் என்று ஏமாற்ற மாட்டேன். புதிய இன்டெல் போர்டுகளில் மெமரியை எழுப்பும் பகுதி, கம்பெனி தருகிற மூடின பொட்டலம்தான். பூட் கார்டு என்ற பூட்டோடு வரும் பல லேப்டாப்புகளில் கை வைக்கவே முடியாது.

தம்பிகளே, வீட்டு லேப்டாப்பில் விளையாடாதீங்க. திங்க்பேட் எக்ஸ்230 போன்ற பழைய மெஷினில் பழகுங்க. பேட்டரியைக் கழற்றி, சிப்பில் கிளிப் மாட்டி, ஃப்ளாஷ்ரோம் கொண்டு உள்ளே இருப்பதை இரண்டு தடவை படித்து, இரண்டும் ஒன்றா என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்க. அப்புறம்தான் எழுதணும். தப்பினால் பழசைத் திரும்ப ஏற்றலாம். அப்படி ஒரு நகல் என்னிடம் இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் போர்டு பிழைத்திருக்கும்.

எங்கள் செட் சார்பில் இரண்டு பழைய லேப்டாப்புகளை லேபுக்குத் தருகிறோம். அடுத்த சந்திப்பில் அவற்றை நீங்களே எழுப்பிக் காட்டணும். காத்திருப்போம்.