கஞ்சமலைக் கனிமமும் தமிழர் உலைக்களமும்

(மூலக்கொத்தளத்தில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டம் நிகழும் மண் எளிய மண் அன்று. கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைபுகுந்து, 1939ஆம் ஆண்டில் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் துயில்வது இம் மூலக்கொத்தளத்தில்தான். மொழிக்காக மாண்டவர் உறங்கும் இடத்தில் இரும்பைப் பற்றி என்ன பேச்சு என்று எவரும் ஐயுற வேண்டா. தன் நாவில் தன் மொழி வழங்க வேண்டும் என்பதும், தன் மண்ணில் விளைந்த பொருள் தன் கையால் வினைப்பட வேண்டும் என்பதும் ஒரே உரிமையின் இரு கிளைகள். ஒன்றை இழந்த இனம் மற்றொன்றையும் நெடுநாள் காத்துக்கொள்வதில்லை.

இப்பகுதி மக்களுக்கு இரும்பை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கூப்பிடு தொலைவில் இருக்கிறது இராயபுரம். 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், தென்னாட்டின் முதல் தொடர்வண்டி அங்கிருந்துதான் வாலாசா நோக்கிப் புறப்பட்டது. வண்டி ஓடிய நிலம் தமிழ்நிலம். வழியமைத்த தோள்கள் தமிழர் தோள்கள். தண்டவாளம் மட்டும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. அடுத்த நூற்றாண்டில் காட்சி மாறியது. 1977இல் சென்னைத் துறைமுகத்தில் இரும்புக் கனிமத்தை எந்திரங்களால் கப்பலேற்றும் பெருந்துறை அமைந்தது. பல்லாரி, ஒசுப்பேட்டைப் பகுதிகளில் தோண்டிய கனிமம் வண்டி வண்டியாக வந்து, மலைமலையாகக் குவிந்து, சப்பான் நாட்டுக்குப் போயிற்று. அதன் புழுதியும் நிலக்கரித் தூளும் இப்பகுதி மக்களின் கூரையிலும், உலர்த்திய துணியிலும், குழந்தைகளின் மூச்சிலும் படிந்தன. உயர்நீதிமன்ற ஆணைக்குப் பின்னரே, 2011இல், அந்தக் கையாளுகை இத்துறைமுகத்தில் நின்றது. கனிமம் போனது, எந்திரமாகவும் வண்டியாகவும் பன்மடங்கு விலையோடு திரும்பி வந்தது. இங்கே எஞ்சியது புழுதி!

கனிமத்தை விற்பது பொருள் விற்பது. எஃகு செய்வது பொருளோடு அறிவையும் உழைப்பையும் சேர்த்து விற்பது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே இன்றைய உரையின் உட்பொருள்.

தமிழன் இந்த வேறுபாட்டை அறியாதவனா? தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2025 சனவரியில் அறிவித்தது. நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. சேலம் வட்டாரத்துக் கொல்லர்கள் எஃகு செய்த முறையை வெள்ளையரே எழுதி வைத்துள்ளனர். மெல்லிரும்புத் துண்டுகளைக் களிமண் குகையில் இட்டு, காய்ந்த ஆவாரங்குச்சியையும் பச்சை எருக்கிலையையும் உடன் வைத்து, வாயை மண்ணால் பூசி மூடி, துருத்தி ஊதிக் காய்ச்சினர். குச்சியும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பினுள் ஏறி எஃகாயிற்று. தென்னாட்டு 'உக்கு' என்னும் சொல்லே மேலையர் நாவில் 'ஊட்சு' எனத் திரிந்தது என்பர். தமிழின் 'உருக்கு' அதன் உறவு. அந்த எஃகின் மறையைக் கண்டறிய 1819இல் மைக்கேல் பாரடே போன்ற அறிவியலறிஞர் இலண்டனில் ஆய்வு நடத்தினர். அவர் ஆராய்ந்தது நம் நாட்டுக் கொல்லனின் கைவினையை!

அக்கைவினை எப்படி அழிந்தது? கப்பலில் வந்து இறங்கிய மலிவான இங்கிலாந்து இரும்பு அதன் சந்தையைப் பறித்தது. பின்னர் வந்த காட்டுச் சட்டங்கள் அடுப்புக்கரிக்கு வழியில்லாமல் செய்தன. கொல்லன் உலை அணைந்தது. கொல்லன் மகன் கூலியானான்.

அந்த உலை அணைந்துகொண்டிருந்த காலத்திலேயே, தமிழ்க் கனிமத்தைக் கொண்டு பெருந்தொழில் நடத்தும் முதல் முயற்சியும் நடந்தது. கிழக்கிந்தியக் கும்பனியில் பணியாற்றிய சோசையா மார்சல் ஈத் என்பவர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்துக் கனிமம் காவிரி வழியே பரிசல்களில் கடற்கரைக்குப் போயிற்று. ஊதுலைக்கு வேண்டிய எரிபொருள் முழுதும் மரக்கரி. ஆலையை அண்டிய காடுகள் தேயத் தேயக் கரி தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று, செலவு ஏறியது. இங்கே வார்த்த இரும்புப் பாளங்கள் இங்கிலாந்துக்குப் போய் அங்கே எஃகாயின. 1856இல் பெசமர் கண்ட புதுமுறை எஃகின் விலையை வீழ்த்திய பின், மரக்கரி ஆலை எதிர்நிற்க இயலவில்லை. 1860களோடு பரங்கிப்பேட்டை உலை ஓய்ந்தது. கனிமம் ஓரிடம், கரி ஓரிடம், எஃகாக்கும் இடம் கடலுக்கு அப்பால், ஆணையிடுவோன் அதற்கும் அப்பால் என்றிருந்தால் தொழில் வேரூன்றாது. இது பரங்கிப்பேட்டை தரும் முதற் பாடம்.

இரண்டாம் பாடம் சேலத்துப் பாடம். அதுவே கசப்பு மிகுந்தது.

1960களில், கஞ்சமலைக் கனிமத்தையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் இணைத்துத் தமிழ்நாட்டில் எஃகாலை காணலாம் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. பிலாய், உரூர்கேலா, துர்க்காபூர் என வடபுலத்தில் ஆலைகள் எழுந்தன. தெற்கு காத்துக் கிடந்தது. 1967ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாளை 'எழுச்சி நாள்' எனக் கடைப்பிடிக்கச் சொன்னார் முதலமைச்சர் அண்ணா. சேலம் உருக்காலையும் சேதுக் கால்வாயும் தமிழ்நாடெங்கும் முழக்கமாயின. 1970 ஏப்பிரல் 17இல் சேலம், விசாகப்பட்டினம், ஒசுப்பேட்டை ஆகிய மூன்று இடங்களிலும் எஃகாலை அமையும் என்று தலைமையமைச்சர் இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 16இல் சேலத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. உழவர் தம் நிலங்களைக் கொடுத்தனர்.

கிடைத்தது என்ன? கனிமத்தை உருக்கும் ஊதுலை வரவில்லை. பிற இடங்களில் செய்த எஃகுச் சுருளை வாங்கிவந்து மெலிதாக உருட்டும் ஆலை மட்டுமே வந்தது. 1980களின் தொடக்கத்தில் அது வேலை தொடங்கியபோது ஆண்டுக்கு 32,000 டன் அளவே அதன் உருட்டுத் திறன். கஞ்சமலை அடிவாரத்தில் ஆலை நிற்கிறது. கஞ்சமலைக் கல் ஒன்றுகூட அதன் வாயில் கடந்து உள்ளே போகவில்லை! சமையற்கட்டில் எவர்சில்வர் என்று தாய்மார்கள் சொல்லும் துருவேறா எஃகை அது சிறப்பாகவே செய்தது. நாணயம் அச்சிடும் வில்லைகளையும் செய்து தந்தது. தொழிலாளர் திறமையில் குறையில்லை. ஆயினும் மூலப்பொருளுக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் ஆலை, சந்தை சரியும்போதெல்லாம் இழப்பில் வீழ்வது இயல்பே. எஃகை உருக்கும் மின்வில் உலை 2010இல்தான் வந்தது. அதற்கும் இரை கனிமம் அன்று, பழைய இரும்பு. 2019இல் நடுவணரசு அந்த ஆலையையே விற்றுவிட விலைகேட்டது.

அதே காலத்தில் கொரியாவில் நடந்ததையும் நோக்குக. எழுச்சி நாளுக்கு அடுத்த ஆண்டு, 1968இல், தென்கொரியா தன் எஃகு நிறுவனத்தைத் தொடங்கியது. 1973இல் போகாங்கு ஆலையின் முதற்கட்டம் ஆண்டுக்குப் பத்து இலக்கம் டன் எஃகு தரும் நிலையில் நின்றது. அந்நாட்டில் போதிய கனிமம் இல்லை. கல்கரிக்கு ஏற்ற நிலக்கரியும் இல்லை. இரண்டையும் விலைக்கு வாங்கினார்கள். ஆனால் முடிவெடுக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. இங்கே கனிமம் இருந்தது. முடிவு வேறிடத்தில் இருந்தது.

'சேலத்துக் கனிமம் தரம் தாழ்ந்தது' என்று சொல்வோர் உண்டு. அக்கூற்றில் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பல்லாரிக் கனிமத்தில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இரும்பு உண்டு. கஞ்சமலையிலோ காந்தக்கல்லும் வெண்கல்லும் அடுக்கடுக்காகக் கலந்து கிடக்கின்றன. இரும்பு நூற்றுக்கு முப்பத்தைந்து அளவே. ஆனால் காந்தக்கல்லுக்கு ஒரு சிறப்பு உண்டு. அதனை மாவாக அரைத்துக் காந்தத்தின்முன் ஓடவிட்டால் இரும்பு ஒட்டிக்கொள்ளும், வெண்கல் விலகும். அறுபதுக்கு மேற்பட்ட தரம் கிடைக்கும். அந்த மாவை உருண்டையாக்கிச் சுட்டு உலைக்கு அனுப்பலாம். சுவீடன் நாட்டு எஃகுக்கு அடிப்படையும் காந்தக்கல்லே. அவர்களுடையது வளம் மிக்கது என்பதே வேறுபாடு. கல்கரிக்கு மாற்றாக நீரகத்தைக் கொண்டு கனிமத்திலிருந்து இரும்பு பிரித்து, 2021இல் அந்நாட்டார் எஃகு செய்து காட்டினர். நீரகம் பிரிக்க மின்சாரம் வேண்டும். ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் காற்று வீசாமலா போயிற்று? இவ்வழி இன்று செலவு மிக்கது. ஆயினும் செலவைக் குறைக்கும் ஆய்வைச் செய்வோர் யார் என்பதுதான் நாளை எஃகு செய்வோர் யார் என்பதை முடிவு செய்யும்.

மலைவாழ் மக்களின் கேள்வி மற்றொன்று. கஞ்சமலையையும் திருவண்ணாமலைப் பக்கத்துக் கவுத்தி மலையையும் வெட்டிக் கனிமம் எடுக்க இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முயற்சி எழுந்தபோது, அடிவாரத்து மக்கள் எதிர்த்து நின்றனர். மலை போனால் ஊற்றும் மழைநீரும் போகும், மேய்ச்சலும் மூலிகையும் போகும் என்றனர். அவர்கள் எஃகுக்குப் பகைவர் அல்லர். மலையை இழப்பவர் ஓரூர், பயன் அடைபவர் வேறூர் என்னும் முறைக்கே பகைவர். வடசென்னை மக்கள் இதனை உணர்வர். துறைமுகப் புழுதியை விழுங்கியவர்கள் அல்லவா? ஆகவே மலைமக்கள் இசைவின்றி ஒரு கல்லும் பெயர்க்கக் கூடாது. தோண்டுவது சிறிதாகவும், தோண்டியது முழுதும் இங்கேயே எஃகாவதாகவும் இருக்க வேண்டும். வெறுங்கனிமம் கப்பலேறுமானால் அந்த மலை நிற்பதே மேல்.

எனவே தமிழ்மக்கள் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது: சேலம் ஆலை விற்பனைப் பொருள் ஆகக் கூடாது. உருட்டாலையாகத் தொடங்கிய அது, கனிமத்திலிருந்து எஃகு வரை செய்யும் முழு ஆலையாக வளர வேண்டும். நிலம் கொடுத்தோர் மக்களுக்கு அங்கே வேலை வேண்டும்.

இரண்டாவது: கனிமத்தின் மீதான உரிமை. நிலம் மாநிலத்தினுடையது, ஆனால் 1957ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் கடிவாளத்தை நடுவணரசின் கையில் தந்தது. 2024 சூலை 25இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நடுவர் ஆயம், கனிம உரிமைகள் மீது வரி விதிக்கும் ஆற்றல் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. கதவு சிறிது திறந்துள்ளது. வரி தண்டுவதோடு நில்லாமல், எதை எடுப்பது, எங்கே உருக்குவது என்று முடிவு செய்யும் உரிமையும் வேண்டும்.

மூன்றாவது: அறிவு. தாழ்தரக் காந்தக்கல்லை உயர்த்தும் முறையும், கல்கரி இல்லாமல் எஃகு செய்யும் முறையும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆராயப்பட வேண்டும். அவ்வறிவு தமிழில் எழுதப்பட வேண்டும். ஆவாரங்குச்சியின் மறையை அறிந்த கொல்லன் எழுதி வைக்கவில்லை; எழுதி வைத்தவன் வெள்ளையன். அப்பிழை மீண்டும் நேரக் கூடாது.

தோழர்களே! எண்ணூரில் 1948 முதலும், திருவொற்றியூரில் 1955 முதலும் வண்டித் தொழிலகங்கள் எழுந்தன. பெரம்பூரில் தொடர்வண்டிப் பெட்டிகள் உருவாகின்றன. இரும்பை வளைக்கவும், வார்க்கவும், பற்றவைக்கவும் வல்ல கைகள் இந்தக் கூட்டத்திலேயே ஆயிரம் உண்டு. காயலான் கடையில் கிடக்கும் துருப்பிடித்த துண்டைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்லும் கண்கள் இங்குண்டு. கையும் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. இடையில் உலை ஒன்றுதான் இல்லை.

அந்த உலையை மூட்டும் உரிமையைக் கேட்டுப் பெறுவோம்.