தீவகத்தில் விருந்தும் நன்னீரும்



கொழும்பு மாநகரின் புறக்கோட்டைத் தெருக்களிலே, நண்பகல் வெயிலில் பசியோடு நடந்து செல்லும் ஒருவர், "நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று வினவினால், ஒரு காலத்தில் அவருக்குக் கிடைத்த விடை பெரும்பாலும் ஒரு சைவக் கடையின் பெயராகவே இருந்தது. அக்கடையின் கல்லாப்பெட்டியருகே அமர்ந்திருந்தவரை, "தங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால், புங்குடுதீவு என்றோ, வேலணை என்றோ, காரைநகர் என்றோ, நயினாதீவு என்றோ மறுமொழி வரும். விளைநிலம் குறைந்த, நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த ஊர்களிலிருந்து சென்றவர்கள் இலங்கையின் நகரங்களுக்குச் சோறிட்டார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி அன்றோ?

என் தந்தையாரும் அவ்வாறு சென்றவருள் ஒருவர். சிறுவனாய்ச் சென்று கோப்பை கழுவினார். பின்னர்த் தேநீர் ஆற்றினார். இறுதியிற் கணக்கெழுதும் நிலைக்கு உயர்ந்தார். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. உடுத்த வேட்டியோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கினார். அதன்பின் கடையைப்பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்வார்: "சோற்றுக்கு விலை வைத்தோம், தண்ணீருக்கு வைக்கவில்லை. வாங்கினவனுக்கும் வாங்காதவனுக்கும் செம்பு ஒன்றுதான்." இந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது, ஆசிரியனாக நெடுந்தீவுக்குச் சென்ற பின்னரே.

இன்று தீவகத்தைக் காண வருவோர் பலர். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணையை அடைந்து, புங்குடுதீவைக் கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறுகின்றனர். "அங்கே எங்கே உண்பது? எதைப் பருகுவது?" என்று அவர்கள் என்னைக் கேட்பதுண்டு. முதலில் உணவைச் சொல்லிவிடுகின்றேன்.

இறங்குதுறையிலே சிறு தேநீர்க் கடைகள் உண்டு. ஊர்காவற்றுறைக்கு எதிரே, கடல் நடுவே நிற்கும் ஒல்லாந்தர் கோட்டையில் கடற்படையினர் நடத்தும் விடுதி உண்டு. ஆயினும் தீவகத்தின் உண்மையான சுவையை அறிய விரும்புவோர், ஒரு வீட்டின் அடுப்படியில் கொதிக்கும் ஒடியற்கூழைப் பருகல் வேண்டும். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த மாவோடு, மீனும் நண்டும் இறாலும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும், புளியும் மிளகாயும் கூடிக் கொதிப்பது அது. பனையோலைப் பிளாவிலே ஊற்றி, வியர்வை வடியக் குடிப்பதற்கு ஈடான விருந்து எந்த நகரத்து விடுதியிலும் இல்லை என்பது என் துணிபு.

நயினாதீவிலோ பசித்தவர் கடை தேடவே வேண்டியதில்லை. நாகபூசணி அம்மன் ஆலயத்தில், சிறப்பாக ஆனித் திருவிழாக் காலத்தில், ஆயிரக்கணக்கானோர் அன்னதானத்தில் பந்தியமர்கின்றனர். அப்பணி புரியும் சபைக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்று அறிஞர் பலர் கருதுவர். அக்கதையில் அட்சய பாத்திரம் நிலத்திலிருந்து கிடைக்கவில்லை. கோமுகி என்னும் பொய்கையின் நீரிலிருந்தே எழுந்தது. சோற்றுக்கு முன் நீர் என்னும் உண்மையை இதனினும் அழகாக எவ்வாறு உணர்த்துவது?

நெடுந்தீவில் நான் பணியேற்ற முதல் வாரத்தில், நடந்து களைத்து ஒரு வீட்டுப் படலையைத் திறந்தேன். வீட்டுக்கார ஆச்சி தேநீரும் பனங்கட்டியும் தந்தார். நான் முகங்கழுவ வாளியைத் தூக்கியபோதுதான், "தம்பி, தேத்தண்ணி எவ்வளவெண்டாலும் தாறன், அந்தத் தண்ணியை மட்டும் பார்த்து எடுங்கோ" என்றார். அந்த வாளி நீர், ஒரு மைல் தொலைவிலிருந்து இடுப்பிலே சுமந்து வந்த நீர்! நான் நாணி நின்றேன்.

காரணம் இதுதான். தீவகத்தின் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல்லே உண்டு. மாரி மழை அதனுள் இறங்கி, கனமான உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்குமேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் அறிஞர் காட்டிய கணக்கு. மேலே 1 அடி குறைந்தால், கீழிருந்து உப்பு எத்துணை தூரம் ஏறிவரும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். துலாவால் அள்ளிய காலத்தில் மனிதனின் கைவலுவே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்திற்குக் களைப்பு ஏது? ஒருமுறை உவர்த்த கிணறு இனிப்பதற்குப் பல மாரிகள் காத்திருக்க வேண்டும்.

1990களில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஆளற்ற வளவுகளில் கிணறுகள் தூர்ந்தன. கேணிகள் பற்றையால் மூடுண்டன. இன்று கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் சில தீவுகளில் உதவுகின்றன. அவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும் இயந்திரம் நின்ற நாளில் எஞ்சுவது மழையும் கேணியுந்தான்.

ஆகவே, இரு சாராரிடம் என் வேண்டுகோளை வைக்கின்றேன். தீவகத்துக்கு வரும் விருந்தினரே! நன்றாக உண்ணுங்கள், சிறு கடைக்காரரிடமும் வீட்டுப் பெண்களிடமும் விலைகொடுத்து உண்ணுங்கள். நீரை மட்டும் தங்கத்தைப்போல் அளந்து செலவிடுங்கள். வெறும் நீர்ப்போத்தல்களைக் கரையில் வீசாது திரும்ப எடுத்துச் செல்லுங்கள்.

கடல் கடந்து வாழும் தீவக மக்களே! பிறந்த மண்ணில் வீடும் விடுதியும் எழுப்புகின்றீர்கள்; மகிழ்ச்சியே. ஆழ்துளைக் கிணறு தோண்டுமுன் ஒரு கேணியைத் தூர்வாருங்கள். கூரை நீரைத் தொட்டியில் சேருங்கள். உங்கள் வளவில் இயந்திரம் இறைக்கும் நீர், அயல்வீட்டு ஆச்சியின் குடத்து நீருமாகும்.

என் தந்தையார் இன்று இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் வைத்த செம்பு இன்றும் இருக்கின்றது. வருவோர்க்கு அதில் நல்ல நீர் வார்க்கும் நிலை என் மாணவர்களின் பிள்ளைகளுக்கும் வாய்க்கவேண்டும் என்பதே என் அவா.