தலையெழுத்தும் கட்டியின் எழுத்தும்

(காசிமேட்டில் பெண் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் பொது மேடையில் பேசத்தக்கதல்ல என்று சிலர் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டோம். பெண்ணின் மார்பைக் கோயில் தூணில் செதுக்கி வைக்கலாம், புராணத்தில் பக்கம் பக்கமாய் வர்ணிக்கலாம், சினிமாக் கொட்டகையில் காட்டிக் காசு பண்ணலாம். அதே மார்பில் ஒரு கட்டி வந்தால் மட்டும் வாய் திறக்கக் கூடாதாம்! இது என்ன நியாயம்? 1980களில் சென்னையில் புற்றுநோய்க்குக் கணக்கெடுக்க ஆரம்பித்த காலத்தில், பெண்களுக்கு வரும் புற்றுகளில் கருப்பை வாய்ப் புற்றே முதலாவதாய் இருந்தது. இன்று மார்பகப் புற்று முதலாவதாய் இருக்கிறது. அப்படியிருக்க இதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

கட்டி வந்தவள் முதலில் என்ன செய்கிறாள்? புருஷனிடம் சொல்லக் கூச்சப்படுகிறாள். பிறகு மாமியார் அறிகிறாள். முன் ஜென்ம வினை என்கிறார்கள். திருவொற்றியூரில் கயிறு, ராயபுரத்தில் ஜெப எண்ணெய், இன்னொரு பக்கம் தாயத்து. மதங்களுக்குள் ஆயிரம் சண்டை இருந்தாலும், கட்டி வந்த பெண்ணின் ஆறு மாதத்தை விழுங்குவதில் மட்டும் மூன்றும் ஒற்றுமையாகவே இருக்கின்றன. சுண்டைக்காய் அளவு இருந்தது எலுமிச்சை அளவு ஆன பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.

1923இல் ஒரு பெண்மணியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தப் பெண்மணி அதை விதியென்று சொல்லி அழுது முடித்துவிடவில்லை. முப்பது வருஷம் விடாமல் பணம் திரட்டி, சர்க்காரோடு மல்லாடி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய்க்கென்று ஒரு ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். அவர்தான் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்தது அது. பின்னால் டாக்டர் சாந்தா 2021இல் இறக்கும் வரையில் அதற்கே உழைத்தார்.

நிற்க. தலையில் எழுதியிருக்கிறது என்கிறார்களே, அந்த எழுத்தை இதுவரை யாராவது படித்ததுண்டா? அதை வாசித்துக் காட்டக் கூடிய ஒரு ஜோசியன் உண்டா? ஆனால் கட்டியில் ஒரு எழுத்து இருக்கிறது. அதைப் படிக்க முடிகிறது. அதைச் சொல்லத்தான் இங்கு வந்தோம்.

பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்று ஒரு சுரப்பு நீர் உண்டு. பெண் பெரியவளாவதும், மார்பு வளர்வதும் இதன் வேலை. மார்பின் அணுக்களுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சாவியென்றால் அந்தப் புரதம் பூட்டு. சாவி நுழைந்தால் அணுவுக்கு 'வளர்' என்ற உத்தரவு போகிறது. மார்பகப் புற்றுகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்தப் பூட்டை வைத்துக்கொண்டு, உடம்பு ஊற்றும் இந்த நீரைக் குடித்தே வளர்கின்றன.

1895இல் பீட்சன் என்ற ஸ்காத்லாந்து வைத்தியர், முற்றிய மார்பகப் புற்றுள்ள ஒரு பெண்ணின் சினைப்பையை எடுத்தார்; கட்டி சுருங்கிற்று. ஏன் என்று அவருக்கே தெரியாது. 1950களின் கடைசியில்தான் சிக்காகோவில் ஜென்சன் என்பவர் அந்தப் பூட்டைக் கண்டார். பிறகு இங்கிலாந்தில் கர்ப்பத்தடைக்கென்று செய்த ஒரு மருந்து அந்த வேலையில் தோற்றுப்போய், சாவி நுழையாதபடி பூட்டின் வாயை அடைக்கும் காரியத்தில் ஜெயித்தது. அதுதான் தமாக்ஸிஃபென். பூட்டுள்ள கட்டிக்காரிகள் ஐந்து வருஷம் ஒழுங்காகத் தின்றால், பதினைந்து வருஷத்திற்குள் அந்நோயால் சாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறதென்று ஆயிரக்கணக்கான பெண்களை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். பூட்டில்லாத கட்டிக்கு இந்த மாத்திரையால் பிரயோஜனமில்லை. அதற்கு வைத்தியம் வேறு.

ஆகவே பூட்டு உண்டா இல்லையா என்பது உயிர்ப் பிரச்னை. அதை அறிய, கட்டியிலிருந்து எடுத்த சதையை மெல்லிய சீவலாகச் சீவி, அந்தப் புரதத்தை மாத்திரம் பற்றிக்கொள்ளும் மருந்தைப் போட்டுச் சாயமேற்றுவார்கள். பூட்டுள்ள அணுக்கரு பழுப்பாகத் தெரியும். நூற்றில் ஒரு அணு பழுத்தாலும் 'பாஸிட்டிவ்' என்று எழுதுவார்கள். காகிதத்தில் ஈ.ஆர்., பி.ஆர். என்றிருப்பவை இவைதான். ஹெர்-2 என்பது அணுவின் மேல் தோலில் உள்ள வேறொரு புரதம். அதில் 2 என்று சந்தேகமாய் வந்தால் 'ஃபிஷ்' என்று இன்னொரு சோதனை கேட்பார்கள். காசிமேட்டில் பேசுகிறோம் என்பதற்காகச் சிரிக்க வேண்டாம்; அது மீன் சோதனையல்ல.

ஆனால் மீனைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஐஸ் இல்லாமல் ஏலக் கூடத்தில் கிடந்த மீன் என்னாகுமென்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டியெடுத்த கட்டியும் அப்படித்தான். ஒரு மணி நேரத்திற்குள் அதை ஃபார்மலினில் போட்டு, குறைந்தது ஆறு மணி நேரமாவது ஊறவிட வேண்டும். மூடிய பாத்திரத்தில் சும்மா கிடந்தால் புரதம் அழிந்துபோகும். பூட்டு இருந்தும் 'இல்லை' என்று காகிதம் வரும். அவளுக்கு மாத்திரை கிடைக்காது. மீனில் தடவினால் குற்றமாகிற மருந்து, இங்கே போடாவிட்டால் குற்றம்! இதில் விதி எங்கே வந்தது? கவனக்குறைவுதானே வந்தது!

இன்னொரு சங்கதி. கொரோனாவுக்குப் பிறகு 'பாஸிட்டிவ்' என்றால் கெட்டது, 'நெகட்டிவ்' என்றால் நல்லது என்று எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டோம். ஈ.ஆர். பாஸிட்டிவ் என்று பார்த்து ஒரு அம்மாள் நம் முன்னாலேயே மாரடித்துக்கொண்டார். அம்மா, இந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. நோயைப் பிடிக்க ஒரு கைப்பிடி கிடைத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம்.

சரி, மாத்திரை கிடைத்துவிட்டது. அது விலை குறைந்ததுங்கூட. ஆனால் ஐந்து வருஷம் தின்கிறார்களா? உடம்பு தகிக்கிறது, வேர்க்கிறது, மாதவிலக்கு தாறுமாறாகிறது. வலியில்லையே, கட்டிதான் போய்விட்டதே என்று இரண்டாம் வருஷத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சில வீடுகளில் நிறுத்துவது புருஷன்; கர்ப்பப்பைக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம்! உண்மையை மறைக்க வேண்டியதில்லை. கர்ப்பப்பையின் உள்தோலில் புற்றும், இரத்தக் கட்டும் சிலருக்கு, அபூர்வமாக, வருவதுண்டு. ஆதலால் மாதவிலக்கு நின்றவளுக்கு மறுபடி இரத்தம் பட்டாலும், ஒரு கால் மாத்திரம் வீங்கி வலித்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதைத் தின்னும்போது கர்ப்பமாகக் கூடாது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு லெட்ரோசோல் போன்ற வேறு மாத்திரைகளும் உண்டு. மாற்றுவது டாக்டர் வேலை; மாமியார் வேலையல்ல.

இந்தப் பக்கத்து ஆலைப் புகையும் எண்ணூர்க் கழிமுகத்தில் கலக்கும் கழிவும் காரணமா என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அது அரை நிமிஷத்தில் பதில் சொல்லக் கூடிய கேள்வியல்ல. அதற்கென்றே தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி இங்கிருந்து கூப்பிடு தூரம். போகிறவர்கள் சதைப் பரிசோதனைக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் அதில் எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அதை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். கையில் ரிப்போர்ட் வைத்திருக்கும் தாய்மார்கள் கூட்டம் கலைந்ததும் மேடைக்கு இடது பக்கம் உள்ள மேஜைக்கு வரலாம். வைத்திய மாணவிகள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் வாசித்துச் சொல்லுவார்கள். ஆண்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.