கொள்ளைநோய்க் காலத்தில் குழந்தைகளைப் பராமரிப்போர்





அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்த காலத்தில், மக்கத்துக் குறைஷியர் தம் கைக்குழந்தைகளைப் பாலைநிலத்துச் செவிலித்தாயரிடம் ஒப்படைப்பது வழக்கமாயிருந்தது. அதை நீங்கள் அறிவீர்கள். பனூ சஅத் குலத்து ஹலீமா அம்மையார் மக்காவுக்கு வந்தது ஒரு பஞ்ச ஆண்டில். கூலி நாடித்தான் அவரும் அவருடன் வந்த பெண்களும் புறப்பட்டனர். தந்தையை இழந்த பிள்ளையின் வீட்டில் பெரிதாக என்ன கிடைத்துவிடப் போகிறது என்று அவர்கள் தயங்கியதையும் சீறா நூல்கள் மறைக்காமல் சொல்கின்றன. இதுவரை மீலாது மேடைகளில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதன் பிறகு நடந்த ஒன்றைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. பால்குடி மறந்த பின் குழந்தையைத் தாயாரிடம் அழைத்து வந்த ஹலீமா அம்மையார், இன்னும் சிறிது காலம் பிள்ளை தம்மிடமே வளரட்டும் என்று ஆமினா அம்மையாரிடம் மன்றாடினார். மக்காவில் பரவும் நோய் பிள்ளையைத் தொட்டுவிடுமோ என்று அஞ்சுவதாகவும் அப்போது அவர் கூறியதாக இப்னு ஹிஷாமின் சீறாவில் காணப்படுகிறது.

கூலிக்குப் பிள்ளை வளர்க்க வந்த ஓர் ஏழைப் பெண், பிறர் பெற்ற பிள்ளைக்காகக் கொள்ளைநோயைக் குறித்துக் கவலைப்படுகிறார். அத்தகையோரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நாம் வேலைக்குச் செல்லும்போது நம் பிள்ளைகளைத் தம் மடியில் ஏந்திக்கொள்பவர்கள் அவர்கள். காப்பகத்து ஆயா, பால்வாடி என்று நாம் இன்னும் வாய் நிறையச் சொல்லும் அங்கன்வாடியின் பணியாளர், மக்தபில் பாய் விரித்து அலிஃப், பா சொல்லித்தரும் உஸ்தாத், அடுத்த தெருவிலிருந்து வந்து நம் வீட்டில் பிள்ளை பார்க்கும் அம்மா, மருமகள் அலுவலகம் சென்றதும் பேரனை ஏற்றுக்கொள்ளும் நன்னிமார் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர்.

2009 ஜூன் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் பன்றிக்காய்ச்சலை உலகளாவிய கொள்ளைநோயாக அறிவித்தது. 2020 மார்ச் 11 அன்று கொரோனாவை அவ்வாறே குறிப்பிட்டது. இரண்டுக்கும் இடையே 11 ஆண்டுகள்கூட நிறையவில்லை. கொரோனாவுக்கான அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்தது. எனவே ‘அது போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?’ என்று எவரும் எண்ண வேண்டாம். மூழ்கும் போது நீச்சல் பழக இயலாது.

தமிழகத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. 2020 மார்ச்சில் அவற்றின் கதவுகள் மூடப்பட்டன. ஆயினும் அங்குள்ள பணியாளர்கள் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. சத்துமாவும் உலர் உணவுப் பொருள்களும் குழந்தைகளுக்குச் சென்று சேர அவர்களே உழைத்தனர். நாட்டின் பல பகுதிகளில் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கணக்கெடுக்கும் பணியிலும் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டனர். நாம் வாசற்கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்த நாட்களில் அக்கதவைத் தட்டியவர்கள் அவர்கள்.

அன்புச் சகோதரர்களே! பிள்ளை பராமரிப்பில் இடைவெளி காப்பது என்பது பேச்சளவில்தான் நடக்கும். அழும் குழந்தையை ஆறடி தூரத்திலிருந்து ஆற்ற முடியுமா? அதைத் தூக்க வேண்டும், தோளில் சாய்க்க வேண்டும், மூக்கைத் துடைக்க வேண்டும், மலம் கழுவ வேண்டும். நம் நபியவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தொழுகையிலும் சுமந்திருந்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உறுதியான செய்தி. ஆகவே பிள்ளையைத் தொடாதே என்று எவரும் சொல்லப் போவதில்லை. தொடுவதை எவ்வாறு பத்திரமாகச் செய்வது என்பதே கேள்வி.

இதற்கான விடையில் முதலிடம் சோப்புக்கும் இல்லை, முகக்கவசத்துக்கும் இல்லை. நோயுற்றவர் அன்று வராதிருப்பதே முதன்மையானது. பராமரிப்பவருக்குக் காய்ச்சலோ இருமலோ இருந்தால் அவர் வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளைக்கு இருந்தால் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். மருந்து கொடுக்காத நிலையில் ஒரு முழு நாள், அதாவது 24 மணிநேரம், காய்ச்சல் இல்லாதிருந்த பிறகே அனுப்ப வேண்டும் என்பது சாதாரணக் காய்ச்சலுக்குப் பல காப்பகங்கள் கடைப்பிடிக்கும் விதி. கொள்ளைநோய் என்றால் அதற்கென அரசு கூறும் நாட்களையும் சேர்த்துக் காக்க வேண்டும். சின்னஞ்சிறு பிள்ளைகள் சளிக்காய்ச்சல் கிருமியைப் பெரியவர்களைவிட அதிக நாட்கள் வெளியேற்றக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்து கொடுக்காத நிலையில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? காலையில் பிள்ளையின் உடல் கொதிக்கிறது. தாய்க்கோ அன்று விடுப்பு இல்லை. ஒரு மூடி பாராசிட்டமால் சிரப்பைப் புகட்டுகிறாள். அரைமணி நேரத்தில் உடல் குளிர்ந்துவிடுகிறது. பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுச் சொல்லாமல் போய்விடுகிறாள். பதினொரு மணிக்கு மருந்தின் வீரியம் குறைகிறது, காய்ச்சல் ஏறுகிறது. அதற்குள் அந்தப் பிள்ளை பத்துப் பிள்ளைகளோடு ஒரே பாயில் உருண்டு விளையாடியிருக்கும். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து விற்ற வணிகரை நபியவர்கள் கண்டித்த வரலாற்றை நாம் வணிகர்களுக்கு மட்டுமே சொல்கிறோம். காய்ச்சலை மறைத்துப் பிள்ளையை ஒப்படைப்பது எந்த வகையில் அதிலிருந்து வேறுபட்டது? அந்தத் தாயின் நெருக்கடியை நான் அறியாதவனல்லன். அவளுக்கு விடுப்பு தர மறுத்த முதலாளியும் இக்குற்றத்தில் பங்காளியே.

மறுபக்கத்தையும் பாருங்கள். பராமரிப்பவர் காலையில் தொண்டை வலியோடு எழுகிறார். வராவிட்டால் ஒருநாள் கூலி போகும். இரண்டு நாள் வராவிட்டால் வேறு ஆள் வந்துவிடுவார். அவர் ஒரு சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு, இருமலை அடக்கிக்கொண்டு நம் பிள்ளையைத் தூக்க வருகிறார். அவருக்கு ஆயிரம் சுகாதாரப் பாடங்கள் நடத்துங்கள், சுவரெங்கும் அறிவிப்புகள் ஒட்டுங்கள். நோயின் போதும் கூலி உண்டு என்று சொல்லாதவரை அவை யாவும் வெறும் காகிதங்கள்தாம்.

இனிக் கைகளுக்கு வருவோம். சளிக்காய்ச்சல் கிருமியும் கொரோனாக் கிருமியும் கொழுப்பாலான ஒரு மெல்லிய உறையால் போர்த்தப்பட்டவை. சோப்பு அவ்வுறையைக் கரைத்துச் சிதைக்கிறது. 20 வினாடிகள் தேய்க்க வேண்டும் என்பது இதற்காகவே. பிள்ளைக்கு உணவூட்டும் முன்பு, மலம் கழுவிய அல்லது டயப்பர் மாற்றிய பின்பு, மூக்கு துடைத்த பின்பு, வெளியிலிருந்து வந்தவுடன் இவ்வாறு கழுவ வேண்டும். பிள்ளையின் கைகளையும் கழுவிவிட வேண்டும். ‘நாங்கள் ஐவேளை உளூச் செய்கிறோமே, அது போதாதா?’ என்று சிலர் கேட்கக்கூடும். உளூ வணக்கத்துக்கான தூய்மை. அதன் பரக்கத்தில் ஐயமில்லை. ஆனால் டயப்பர் மாற்றிய கைக்குச் சோப்பு தேவை. உறங்கி எழுந்ததும் கையைக் கழுவாமல் பாத்திரத்தில் விட வேண்டாம் என்று கற்பித்த மார்க்கம், இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளுமாறு நமக்குச் சொல்லவில்லை.

சானிடைசர் கையில் வெளிப்படையான அழுக்கு இல்லாதபோது உதவும். வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ போன்ற கிருமிகளிடம் அது பெரிதாகச் செல்லாது. அங்கே சோப்பும் ஓடும் நீருமே வழி. அந்தப் புட்டி பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதும் அவசியம், உள்ளே சென்றால் அது நஞ்சு. கைக்குழந்தைகளைப் பார்ப்போருக்கு 2020இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கூறிய ஓர் எளிய யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. உடைக்கு மேல் பெரிய, முழுக்கைச் சட்டையொன்றை அணிந்துகொள்ளுங்கள், பிள்ளையின் சளியோ எச்சிலோ பட்டால் அதை மாற்றிவிடுங்கள் என்றது அது. வீட்டில் கிடக்கும் பழைய சட்டைகள் இரண்டு போதும், காசு செலவில்லை.

முகக்கவசத்தைப் பொறுத்தவரை, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் கூறின. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அணிவிக்கவே கூடாது, மூச்சுத் திணறும். அணிய வேண்டியவர் பராமரிப்பவர்தாம். தும்மல் வரும்போது நபியவர்கள் தம் முகத்தைக் கையாலோ ஆடையாலோ மறைத்துக்கொள்வார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளதை இங்கு நினைவுகூரலாம். பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக் கற்பதில்லை, செய்வதைப் பார்த்துக் கற்கின்றன.

ஒன்றைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். 2020இல் நாம் தரையைத் துடைத்த அளவுக்குச் சன்னல்களைத் திறக்கவில்லை. கிருமிநாசினி தெளிப்பதே பெரும் பாதுகாப்பு என்று நம்பினோம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களை அமர வைத்து அவர்கள் மேல், குழந்தைகள் மேலும்கூட, கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்கள். ஏப்ரலில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைக்கப்பட்டு, அதைப் பார்த்துப் பல ஊர்களும் அமைத்தன. அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று தமிழகப் பொதுச் சுகாதாரத் துறை பின்னர் கூறியது. பொருள்களைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் மதிப்பிட்டது. காற்றே அதன் பாதை. எனவே காப்பகத்தின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மரநிழல் இருந்தால் பிள்ளைகளை அங்கே அமர்த்துங்கள். மக்தபின் பின்னறையில் நாற்பது பிள்ளைகளை அடைப்பதைவிடப் பள்ளியின் தாழ்வாரம் எவ்வளவோ மேல். துடைப்பதும் வேண்டும், பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைகளை அன்றாடம் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்கத்தான் வேண்டும். ஆனால் பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

இவையெல்லாம் பலன் தருமா? அமெரிக்காவில் 57,335 பிள்ளை பராமரிப்பாளர்களிடம் 2020இன் தொடக்க மாதங்களைப் பற்றி விசாரித்த யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று உண்டு. காப்பகத்தைத் திறந்து வைத்திருந்தோருக்கும் மூடியிருந்தோருக்கும் கொரோனா தொற்றிய அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. காரணம், திறந்திருந்தவர்கள் அடிக்கடி கைகழுவுதல், தூய்மைப்படுத்துதல், பிள்ளைகளைச் சிறு குழுக்களாகவே வைத்திருத்தல் ஆகியவற்றைக் கடுமையாகப் பேணியிருந்தார்கள். ஆனால் ஊரில் நோய் மிகுந்து பரவும்போது இந்த முடிவு அப்படியே பொருந்தாது என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்தார்கள். ஊர் எரியும்போது காப்பகம் மட்டும் குளிர்ந்திருக்காது.

அதனால்தான் தடுப்பூசி பராமரிப்பவருக்கு முதலில் செல்ல வேண்டும் என்கிறேன். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட இயலாது. தட்டம்மைத் தடுப்பூசியும் நம் நாட்டில் ஒன்பது மாதம் நிறைந்த பின்னரே. அதுவரை அக்குழந்தைக்குக் கேடயம் அதை ஏந்தும் கைகளே. கொள்ளைநோயின் அமளியில் வழக்கமான தடுப்பூசிகள் மறக்கப்படுவது இன்னோர் ஆபத்து. 2021இல் மட்டும் உலகில் 2.5 கோடிக் குழந்தைகள் முத்தடுப்பூசித் தவணைகளில் ஒன்றையேனும் தவறவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அறிவித்தன. பிள்ளையைச் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்கும் பராமரிப்பாளரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

‘எல்லாம் தக்தீர், வருவது வரும்’ என்போருக்கு ஒரே ஒரு செய்தி. ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. ஸர்ஃக் என்னும் இடம் வரை வந்துவிட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அதைக் கேள்வியுற்று, தோழர்களோடு ஆலோசித்துப் படையுடன் மதீனா திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டவர் சாதாரணமானவரல்லர், அபூஉபைதா (ரலி) அவர்கள். அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழி, பிறகு அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வழியாக அவர்களை வந்தடைந்தது. எச்சரிக்கை ஈமானுக்குக் குறைவென்றால் உமரின் ஈமானை என்னவென்று சொல்வது?

இறுதியாக, கூலியைப் பற்றி. நோய்க்காலத்தில் பராமரிப்பவர் வராத நாட்களுக்கும் ஊதியம் கொடுங்கள் என்று நான் கூறும்போது, சில சகோதரர்கள் அதை ஜகாத்தில் கழித்துக்கொள்ளலாமா என்று வினவுகிறார்கள். அவர் உங்களிடம் உழைத்து ஈட்டிய கூலியும், தருவதாக நீங்கள் ஒப்புக்கொண்ட விடுப்பு நாள் ஊதியமும் உங்கள் மீதுள்ள கடன். கடனை ஜகாத்தாகக் கொடுக்க இயலாது. அவர் உண்மையில் ஏழையாக இருந்து, அந்தக் கடனுக்கு மேல் அவரது மருந்துக்கும் அரிசிக்கும் நீங்கள் தருவீர்களானால் அது ஜகாத்தாகும். மக்தபின் உஸ்தாதுக்கும் ஆயாவுக்கும் நோய்க்கால ஊதியம் தருவதென ஜமாஅத் நிர்வாகம் முடிவு செய்து, சந்தாவிலிருந்து அதற்கென ஒரு தொகையை ஒதுக்கினால் இன்னும் சிறப்பு. நோய் வரும் முன்பே அதை அவர்களிடம் தெரிவித்துவிடுங்கள். தொண்டை வலியோடு எழும் காலையில், வருவதா வேண்டாமா என்று அவர் அதைக் கொண்டுதான் முடிவு செய்வார்.