அச்சு நூலா, மின்னூலா?

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற வாசகர் கூட்டத்தில், நூல் நிலையக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பொன்விழா நிதியில் ஒரு பகுதியை நம் நூல் நிலையத்திற்கென ஒதுக்கித் தந்திருக்கிறீர்கள். அதற்கு முதற்கண் எங்கள் மனமார்ந்த நன்றி. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பணம் கைக்கு வருமுன்னே குழுவுக்குள் வழக்கு வந்துவிட்டது. "புதிய அலமாரி செய்வோம், நல்ல புத்தகங்களாக வாங்கி அடுக்குவோம்" என்றனர் மூத்தவர்கள். "இன்னுமா அலமாரி? மின்னூல் படிக்கும் கருவி நான்கு வாங்கினால் ஆயிரக்கணக்கான நூல்கள் அதற்குள் அடங்கிவிடுமே" என்றனர் இளையவர்கள். மூன்று முறை கூடியும் முடிவு காணவில்லை. நான்காம் முறை கண்ட முடிவை உங்கள் முன் வைக்கவே இங்கு நிற்கிறோம்.

அச்சு நூல் என்பதும் ஒரு காலத்தில் புதுமைதான். ஓலையிலே எழுதி ஓலையிலே படித்த தமிழ் மக்களுக்கு, 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்' எத்தனை வியப்பாக இருந்திருக்கும்! முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் ஆக்கிய அந்நூல் 16 பக்கமே கொண்டது. இந்திய மண்ணில், இந்திய மொழி ஒன்றின் எழுத்திலே அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் அதுவே முதலாவது. ஓலையே போதும் என்று அன்று இருந்துவிட்டிருந்தால் நம் கைக்கு இத்தனை நூல்கள் வந்திருக்குமா? ஆகவே, புதியது என்பதற்காகவே மின்னூலைத் தள்ளுவது முறையாகாது என்பதை மூத்தவர்களும் ஒப்புக்கொண்டோம்.

மின்னூலின் நன்மையை எங்களுக்குக் கண்கூடாகக் காட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். நாள் தவறாமல் நூல் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தவர், பார்வை மங்கியபின் வருவதை நிறுத்திக்கொண்டார். குழுவின் இளைஞர் ஒருவர் தம் கருவியை அவர் வீட்டுக்கே கொண்டுபோய், ஒரு வரிக்கு மூன்று சொல் மட்டும் நிற்கும்படி எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். அன்றிரவு பதினொரு மணியாகியும் அம்மா அதைக் கீழே வைக்கவில்லை என்று மறுநாள் அவர் மகள் வந்து சொன்னார். எந்த அச்சகத்தால் அவருக்கென்று அப்படி ஒரு புத்தகம் அச்சிட்டுத் தர இயலும்?

இன்னொரு நன்மையும் உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாதவை என்றென்றைக்குமாக மறைந்தன. 2005ஆம் ஆண்டு முதல் 'நூலகம்' என்னும் முயற்சியின் வழியே ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பாதுகாத்து வருகிறார்கள். அதற்கு முன்னரே, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' தமிழ் இலக்கியங்களை எவரும் கட்டணமின்றிப் படிக்க வழி செய்தது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் பெறாமல் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் செய்த தொண்டு அது.

அப்படியானால் அலமாரியை விற்றுவிடலாமா? பொறுங்கள். மறுபக்கத்தையும் பார்ப்போம்.

நாம் விலைகொடுத்து வாங்கும் அச்சு நூல் நமக்கே சொந்தம். படித்தபின் அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம். பேரப்பிள்ளைக்கு வைத்துவிட்டுப் போகலாம். கடைகளில் வாங்கும் மின்னூல் பெரும்பாலும் அப்படியன்று. நாம் பெறுவது படிக்கும் உரிமை மட்டுமே. 2009ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நூல்களின் சில பதிப்புகளை, வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அழித்தது. அவற்றை விற்பனைக்கு வைத்தவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது; நிறுவனமும் பின்னர் வருத்தம் தெரிவித்தது. 2019ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்களைத் திறக்க வழியில்லாமற் போயிற்று. அங்கும் பணம் திரும்பியது, நூல் திரும்பவில்லை. புத்தகக் கடைக்காரர் கடையை மூடினால் நம் வீட்டு அலமாரியும் காலியாகுமா?

பிள்ளைகளின் படிப்பையும் எண்ணிப் பார்த்தோம். 1,70,000 பேருக்கு மேற்பட்டோர் பங்குகொண்ட 54 ஆய்வுகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்து 2018ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். பாடம், தகவல் போன்றவற்றைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்களே நன்கு புரிந்துகொண்டார்கள். நேரம் குறைவாக இருந்தபோது வேறுபாடு மிகுந்தது. கதை படிப்பதில் மட்டும் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. கைப்பேசியில் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்துக்கு ஒரு முறை செய்தி வந்து மணியடிக்கும் தொல்லையை நாங்கள் சொல்லித்தான் தாய்மார்கள் அறியவேண்டும் என்பதில்லை!

இப்படி இருபுறமும் வாதாடிக்கொண்டிருந்த எங்களை ஒரு சிறு நிகழ்ச்சி அடக்கிவிட்டது. இந்தப் பொன்விழா மலருக்குச் செய்தி திரட்டுவதற்காக, 25 ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த நம் வெள்ளி விழா மலரைத் தேடினோம். நூல் நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு படி. எடுத்துப் பிரித்தால், அடித்தட்டில் ஏறிய கறையான் நடுப்பக்கங்களை அரித்துத் தின்றிருந்தது. அவை எந்தப் பக்கங்கள் தெரியுமா? நம் கோயில் எழும்பியபோது கல்லும் மணலும் சுமந்தவர்களின் பெயர்ப் பட்டியல்! பாதிப் பெயர்களே எஞ்சியுள்ளன. மற்றவர்கள் யார், யார்? சொல்லக்கூடிய பெரியவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை.

அப்போதுதான் எங்களுக்கு உண்மை விளங்கியது. தாளா, திரையா என்பதல்ல முதல் கேள்வி. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எதுவாயினும் அது ஆபத்தில் இருக்கிறது. முன்னே சொன்ன தம்பிரான் வணக்கத்தில்கூட இன்று அறியப்பட்டிருப்பது ஒரே படிதான். அதுவும் கடல் கடந்து அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தாளைக் கறையான் தின்னும். மின்னூலைக் கடைக்காரர் பூட்டுவார், அல்லது கருவி பழுதாகும். பல கைகளில், பல வடிவங்களில் இருப்பதே நிலைக்கும்.

ஆகவே எங்கள் முடிவு இது. பிள்ளைகள் பயிலும் நூல்களையும், திரும்பத் திரும்பப் படித்துக் கைமாற்றிக் கொடுக்கத்தக்க நூல்களையும் அச்சிலேயே வாங்குவோம். கறையான் ஏறாத இரும்பு அலமாரியில் வைப்போம். பார்வை குன்றியோருக்காகவும், கடைகளில் கிடைக்காத பழைய நூல்களுக்காகவும் இரண்டு மின்னூல் கருவிகள் வாங்குவோம். நூல் நிலையத்துக்கு வர இயலாத முதியோரின் வீட்டுக்கு அவற்றை இளைஞர்கள் எடுத்துச் செல்வார்கள். பிறருடைய உரிமையுள்ள நூல்களைப் படியெடுக்கமாட்டோம். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய நூலுக்கு நம் நாட்டில் சட்டப்படி உரிமை உண்டு என்பதை இளைஞர்கள் மறவாதிருப்பார்களாக.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் டிரங்குப் பெட்டியை, பரணை, பாட்டியின் பழைய அலமாரியைத் திறந்து பாருங்கள். வெள்ளி விழா மலரின் படி ஒன்று அங்கே உறங்கிக்கொண்டிருக்கலாம். அட்டை கிழிந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். உங்கள் கண்ணெதிரேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தருவோம். விடுபட்ட பெயர்களை மீண்டும் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுப்போம். மின்வடிவிலும் சேமித்து வைப்போம்.

கல் சுமந்தவர்கள் தங்கள் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டதில்லை. எழுதிய பெயரை இழக்காமல் காப்பது நம் கடமையன்றோ?